நாக்கு மரத்த மதியம்

துறைமுகத்தில் வாழ்நாள் முழுக்க வானத்தில் உட்கார்ந்து சரக்குப் பெட்டி இறக்கிய கிரேன்காரர், ஓய்வு பெற்ற பிறகு, வீட்டில் பல்பு மாற்றப் போய் ஸ்டூலிலிருந்து விழுந்தார். பின்மண்டையில் அடி. காயம் ஆறிவிட்டது, மோப்பம் மட்டும் திரும்பவில்லை. வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர்.

மோப்பம் போனால் ருசியும் முக்கால்வாசி கூடவே போய்விடும். இது அவர் மனைவிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆஸ்பத்திரி வார்டில் நோயாளிகளைக் குளிப்பாட்டி, புரட்டிப் படுக்கவைத்து, ஊட்டிவிட்டே தலை நரைத்தவள் அவள். தெரிந்து என்ன பயன்? அவள் எதைச் சமைத்து வைத்தாலும் அட்டைப்பெட்டியைக் கடிப்பதுபோல இருக்கிறது என்று தட்டை நகர்த்திவிடுவார். முன்பு மட்டும் பாராட்டிக் குவித்தீர்களா என்று அவளும் கேட்டுவிடுவாள். ஆனால் அவர் இடுப்பு இளைத்தபோது, பெல்ட்டில் ஆணி வைத்துப் புதிய ஓட்டை போட்டுத் தந்தவளும் அவள்தான்.

எடை இன்னும் இறங்கினால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அன்று இரவு அவளுக்குத் தூக்கம் வரவில்லை. குழாயைப் பிடுங்குகிறவர்களின் கையைக் கட்டிலோடு கட்டிவைப்பது யார் வேலை? அவள் வேலைதான். அந்தக் கைகள் அவளுக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில் வார்டில் ஒரு கிழவி இருந்தாள், சீனாவின் சிச்சுவான் பக்கத்துக்காரி. ஆஸ்பத்திரிக் கஞ்சியைக் கண்டாலே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். அவள் மகன் எங்கோ ஓட்டலில் சமையல்காரன். ஒருநாள் ஒரு சின்னப் பாட்டிலில் சிவப்பு எண்ணெய் கொண்டுவந்து கஞ்சியில் ஊற்றினான். பக்கத்துக் கட்டில்கள் எல்லாம் தும்மின. கிழவி கிண்ணத்தை வழித்துத் தின்றாள்.

காரமாவது உறைக்கும் என்று மனைவி கிரேன்காரரை ஊரெல்லாம் இழுத்துக்கொண்டு போனாள். சிச்சுவான் என்று பலகை மாட்டிய கடைகளுக்குக் குறைவில்லை. சிவப்புச் சாயமும் சர்க்கரையும் குழைத்து ஊற்றினார்கள். "ஜாம் தடவின அட்டைப்பெட்டி" என்றார் அவர். கடைசியில் அவள் அந்தக் கிழவியின் மகனையே பிடித்தாள். வெளி ஆட்களுக்கு என்றால் முதலாளி காரத்தைக் குறைக்கச் சொல்வாராம். மதியக் கூட்டம் ஓய்ந்த பிறகு சமையல்காரர்கள் தங்களுக்கென்று தனியாகச் செய்துகொள்வார்கள், அந்த நேரத்துக்கு வாருங்கள் என்றான்.

கடை பஸ் பணிமனைக்குப் பின்னால், டயர்க் கடையை ஒட்டி இருந்தது. ஜன்னல் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. பாதி நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்திருந்தார்கள். சிவப்பு எண்ணெயில் தோஃபு என்கிற சோயாப்பால் கட்டித் துண்டுகள் மிதக்க, மேலே பழுப்புப் பொடி தூவி ஒரு தட்டு வந்தது. வார்டுப் பழக்கம், எதையும் தான் வாயில் வைத்துப் பார்க்காமல் பிறருக்குக் கொடுக்கமாட்டாள். ஒரு கரண்டி எடுத்தாள்.

முதலில் காரம். பிறகு உதடு நடுங்கியது. நாக்கு மரத்தது. வாயில் எச்சில் ஊறியது. பாதி முகம் தன்னுடையது இல்லை போல ஆனது.

பக்கவாதம் என்று முடிவு செய்தாள். பக்கவாதத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்று வார்டுக்கு வரும் புது ஆட்களுக்கு அவள்தான் பாடம் எடுப்பவள்: சிரிக்கச் சொல், கையைத் தூக்கச் சொல், பேசச் சொல். அவள் கணவரைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தாள். கிரேன்காரர் நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டார். காரணமில்லாமல் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறவளை அவர் கட்டிக்கொள்ளவில்லை. அடுத்து இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாள். தன்னைக் கூப்பிடுவதாக நினைத்துப் பரிமாறுகிற பெண் ஓடிவந்தாள்.

"இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை. நான் பேசறது தெளிவா இருக்கா?"

"தெளிவாத்தான் இருக்கு. ஆனா இன்னைக்குப் புதன்" என்றார் அவர்.

அவளுக்கு வேர்த்துவிட்டது. என்ன கண்றாவியைப் போட்டுத் தொலைத்தார்கள் என்று முணுமுணுத்தபடி அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்து, ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டார். மெல்லுவதைப் பாதியில் நிறுத்தினார். கை மெதுவாக உதட்டுக்குப் போனது.

"ஏதோ ஆகுது."

"உங்களுக்குமா? எங்கே?"

"உதட்டுல. நாக்கு நுனியில. கரண்டுக் கம்பியை நக்கின மாதிரி."

சமையல்காரன் உள்ளேயிருந்து வந்து விஷயத்தைக் கேட்டு, சுவரில் சாய்ந்து சிரித்தான். வெடித்த மொட்டு மாதிரி இருந்த சில தோல்களை உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். அவர்கள் ஊர் மிளகு. அது மணத்தால் மட்டும் வேலை செய்வதில்லை, நாக்கை நடுங்க வைக்கும். நடுக்கம் இல்லாவிட்டால் அவன் அம்மா அதைச் சாப்பாடு என்றே ஒப்புக்கொள்ளமாட்டாளாம்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மோப்பம் போன பிறகும் வெங்காயம் நறுக்கினால் இவர் கண்ணில் தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது. எரிச்சலும் நடுக்கமும் தொடு உணர்ச்சியைச் சேர்ந்தவை, அவற்றுக்கு நரம்பு வேறு. இத்தனை நாளாகப் பூட்டிய கதவையே தட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

கிரேன்காரர் சாப்பிட்டார். மூக்கு ஒழுகியது, துடைத்துக்கொண்டு சாப்பிட்டார். பாதியில் அவள் தட்டைப் பிடித்தாள். காய்ந்து கிடந்த வயிறு, ஒரேயடியாகக் காரம் தாங்காது.

"பிடுங்காதே" என்றார் அவர், தட்டின் மறுபக்கத்தைப் பற்றிக்கொண்டு. சாப்பிடச் சொல்லிக் கெஞ்சியவள் இப்போது விடச் சொல்லி மல்லுக்கட்டினாள். பரிமாறுகிற பெண் கவனமாக வேறு பக்கம் பார்த்தாள்.

பஸ்ஸில் அவர் வெகுநேரம் உதட்டைத் தடவிக்கொண்டே வந்தார்.

"ருசி வரலை. தெரியுமில்ல?"

"தெரியும்."

"ஆனா வாய்னு ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சுது."

நிறையத் தண்ணீர் குடியுங்கள், வயிறு எரியும் என்றாள் அவள். எரிந்தது. அடுத்த முறை காரத்தைக் குறைத்து, நடுக்கத்தைக் குறைக்காமல் செய்யச் சொன்னாள்.

மோப்பம் இன்றுவரை வரவில்லை. எடை இறங்குவது நின்றது. டாக்டர் குழாய்ப் பேச்சை விட்டார். வீட்டில் இப்போது அந்த மிளகை வறுத்துப் பொடித்து வைத்திருக்கிறாள், சூப்பில், முட்டையில், எதிலும் தூவுவாள். ஒருநாள் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சூப் குடித்துக்கொண்டிருந்தபோது, வாய் தவறி, எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டாள்.

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அவர். கிண்ணத்தை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் ஊத்து."