ஓட்டக்காரன்

வெள்ளவத்தைக் கடற்கரையில் பின்னேர வெயில் ஆறிய பிறகும் மணல் உள்ளங்காலைச் சுடும். தண்டவாளத்து எண்ணெய் மணமும் உப்புக்காற்றும் ஒன்றாக மூக்கில் ஏறும். அந்த மணலில்தான், புளியங்கொட்டையளவு உடம்பும் குச்சிக் கால்களுமாக, நாங்கள் "ஓட்டக்காரன்" என்று அழைத்த வண்டு, சின்னப் பூச்சிகளை விரட்டிப் பிடித்துத் தின்றுகொண்டிருக்கும். ஒரே பாய்ச்சலாக ஓடும், சட்டென்று நிற்கும், மறுபடி ஓடும். ஓடும் வேகத்தில் அதற்குக் கண் தெரியாதாம், நின்றுதான் இரையைத் தேடுமாம். இது பிற்காலத்தில் படித்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்த யுத்த காலத்தில் எங்கள் பக்கத்தில் பயமில்லாமல் ஓடிய ஒரே சீவன் அதுதான் என்பது.

எங்களுக்கு ஓட்டம் தடை. "பஸ் போனாப் போகட்டும், மழை பெய்தா நனை, ஓடாதை. ஏன் ஓடுறாய் எண்டு ஆமி கேட்டா, பதில் சொல்லுற அளவுக்கு உனக்குச் சிங்களம் வராது" என்பா அம்மா. நாய் துரத்தினாலும் நடந்தபடியேதான் கடிபட வேண்டும் என்று நான் விளங்கி வைத்திருந்தேன்.

அம்மாவின் தம்பி குலம் மாமா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, நாங்கள் வாடகைக்கு இருந்த "அனெக்ஸி"ல் விசாவுக்குக் காத்திருந்தார். அவருக்கு இருபத்திரண்டு வயது; அது ஒன்றே போதுமான குற்றம். பொலிஸில் பதிந்ததற்கான "துண்டு"க் கடதாசி சட்டைப்பையில் இல்லாமல் அவர் வாசல் தாண்டக் கூடாது. இரண்டாவது காவல், பத்து வயதுக் குண்டுப் பெண்ணான நான். "பிள்ளையோட போனா மறிக்க மாட்டாங்கள், தம்பி" என்று அம்மா என்னைக் கூடவே அனுப்புவா. இளந்தாரிகளுக்குப் பிள்ளைகளை இரவல் கொடுப்பது எங்கள் ஒழுங்கையில் வழக்கம். முகத்தில் அப்பாவித்தனம் வழிந்ததால் எனக்குக் கிராக்கி அதிகம்.

அன்று மாமா சட்டையைக் கழற்றிக் கல்லில் வைத்துவிட்டுக் கால் நனைக்கப் போனார். நான் அந்தச் சட்டைப்பையிலிருந்த கடதாசியை எடுத்துக் கடலைச் சுருள்போலச் சுற்றி, ஒரு ஓட்டக்காரனைப் பிடித்து அடைத்து, வாயை மடித்தேன். இன்னொன்று தண்டவாளப் பக்கம் ஓடியது. நானும் ஓடினேன். "பிள்ளை, ஓடாதை!" என்று கத்திக்கொண்டு, சட்டையும் கையுமாக மாமாவும் ஓடிவந்தார்.

தண்டவாளத்தோரக் காவலரணிலிருந்து ஒரு சிப்பாயின் துவக்கு நிமிர்ந்தது. இருவரும் நின்றோம்.

"துண்டுவ கோ?"

துண்டு எங்கே என்றுதான் கேட்டான். மாமா சட்டைப்பையில் கைவிட்டார், காற்சட்டைப் பையில் விட்டார், மறுபடி சட்டைப்பையில். சுருள் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. துவக்குக்குப் பயந்து வாயடைத்துப் போனேன் என்று எழுதினால் கௌரவமாக இருக்கும். உண்மையில் நான் பயந்தது அம்மாவின் அகப்பைக்காம்புக்கு. கடதாசிக்குள் வண்டு என் விரலோரம் பிறாண்டிக்கொண்டே இருந்தது.

இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். ஜீப்பின் பின்கதவு திறந்தது. மாமா என்னைப் பார்த்துச் சொன்னார்: "பிள்ளை, நீ நடந்து வீட்ட போ. ஓடாதை, என்ன?"

அவர் குரல் அவ்வளவு சாதாரணமாக இருந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சுருளை நீட்டினேன்.

பொதியைக் கண்ட சிப்பாய் இரண்டடி பின்வாங்கினான். துவக்கு என் நெஞ்சுக்குத் திரும்பியது. அவனுக்கும் பயம் என்பதை அப்போதுதான் கண்டேன். அது என் பயத்தை இரட்டிப்பாக்கியது. மாமா என் முன்னால் வந்து நின்று, சுருளை வாங்கி மெல்ல மெல்ல விரித்தார். வண்டு விழுந்தது, சிப்பாயின் சப்பாத்தின் மேலேறி ஓடி, நின்று, மறுபடி ஓடி மறைந்தது. அவன் அது போன திசையையே பார்த்தான். பிறகு என் வியர்வையில் நனைந்து கசங்கிய துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பெயரில் பாதி கரைந்திருந்தது, முத்திரை தப்பியிருந்தது.

"துவன்ன எபா" என்று துண்டைத் திருப்பிக் கொடுத்தான். ஓடாதே. அம்மா சொன்னதையே அவனும் சொன்னான்.

மாமா அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. விமானம் ஏறும் வரை கடற்கரைக்கும் போகவில்லை.

இப்போது அந்த மணலின் மேல் தெரு ஓடுகிறது. காவலரண் இல்லை. கற்களுக்கிடையில் மிஞ்சிய மணலில் குனிந்து தேடினேன், ஓட்டக்காரனும் இல்லை. காதில் வயர் மாட்டிய இளசுகள் பின்னேரங்களில் வியர்க்க வியர்க்க ஓடுகிறார்கள், ஏன் என்று யாரும் கேட்பதில்லை. போன கிழமை கொள்ளுப்பிட்டியில் என் பஸ் கண்ணெதிரே புறப்பட்டது. கொண்டக்டர் ஓடிவரச் சொல்லிக் கையசைத்தார்.

நான் நடந்தேன்.