மேலிருந்து மூன்றாவது வரி

சரித்திரப் பாடத்துக்கென்று வாங்கிய நோட்டுப் புத்தகம் அது. முதல் நான்கு பக்கங்களில் மலாக்கா சுல்தான்கள் என் கோணல் கையெழுத்தில் சாய்ந்து சாய்ந்து நிற்பார்கள். ஐந்தாம் பக்கத்தில் சுல்தான்கள் ஓய்ந்துபோய், என் அண்ணியின் கையெழுத்து தொடங்கும். உருண்டையான, ஒன்றையொன்று இடிக்காத எழுத்து. ‘மேலிருந்து ஒன்று: அடி. இரண்டு: மந்திரம். மூன்று: கும்பிடு. நான்கு: பை.’ அதற்குக் கீழே, ‘பச்சைக் குப்பி உயிருக்கு. நீலக் குப்பி மந்திரத்துக்கு. சிவப்பைத் தொடாதே பாப்பா’ என்று இருக்கும். பாப்பா நான்தான். என் பள்ளிச் சான்றிதழ்களோடு அந்த நோட்டும் ஒரே கோப்பில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக என்னோடு வீடு மாறி வந்திருக்கிறது. அதை ஏன் வைத்திருக்கிறாய் என்று என் கணவர் கேட்டபோதெல்லாம் எதையாவது சொல்லி மழுப்பியிருக்கிறேன்.

அது ஒரு வீடியோ விளையாட்டுக்காக எழுதிய குறிப்பு. ரெம்பாவுக்கு உள்ளே ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருந்தோம். அண்ணன் லோரி ஓட்டினான். வெட்டிய குலைகளை எண்ணெய் ஆலைக்கு ஏற்றிப் போவது வேலை. கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டு விருந்துக்குப் பகாவ் போனவன், அங்கே ஒரு சீனக் கடையில் பந்து விளையாட்டு என்று நினைத்து ஒரு வட்டை வாங்கி வந்துவிட்டான். போட்டுப் பார்த்தால் வாளும் தொப்பியுமாக நாலு பேர் வரிசையில் நிற்கிறார்கள், எதிரே பூதங்கள். எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக இருந்தது. அது சீனமா ஜப்பானா என்றுகூட எங்களுக்குத் தெரியாது. விடியும் முன் வேலையாட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைத் தோட்டத்தில் பெரட்டு என்போம். “பெரட்டுல நிக்கற மாதிரி நிக்கறானுங்க, இதெல்லாம் ஒரு விளையாட்டா” என்று அண்ணன் பத்து நிமிடத்தில் எழுந்து போய்விட்டான்.

எனக்கு அப்போது பதினான்கு வயது. பிற்பகல் பள்ளி. அம்மா பெரட்டுக்குப் போய், அண்ணனும் லோரியை எடுத்துப் போனபின், மதியம் பள்ளிப் பேருந்து வரும்வரை வீட்டில் நானும் அண்ணியும்தான். அவருக்கு இருபத்திரண்டு வயது. வந்த முதல் மாதம் நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. அவர் வந்ததால் என் அறை போயிற்று, நான் கூடத்தில் படுக்க வேண்டியதாயிற்று என்ற கோபம் எனக்கு. ஒரு காலை நான் அந்த விளையாட்டைப் போட்டுக்கொண்டு, எந்த வரி என்ன செய்யும் என்று தெரியாமல் திரும்பத் திரும்பச் செத்துக்கொண்டிருந்தேன். துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணி என் சரித்திர நோட்டை எடுத்தார். “ஒவ்வொண்ணா அமுக்கு பாப்பா. என்ன ஆவுதுன்னு நான் எழுதி வைக்கறேன்” என்றார். அன்றோடு என் கோபம் முடிந்தது.

அந்த விளையாட்டின் அழகு அது அவசரப்படுத்தாததுதான். நம் முறை வந்தால் நாம் அடிக்க வேண்டும். நாம் யோசித்துக்கொண்டே இருந்தால் பூதமும் மூச்சு வாங்கியபடி காத்துக்கொண்டே இருக்கும். அண்ணி உலையில் அரிசி போட்டுவிட்டு வருவார், ஒரு வரி அமுக்குவார், கீரை ஆய்வார், இன்னொரு வரி அமுக்குவார். பல்லும் நகமுமாக ஒரு பெரிய ஜந்து அடுப்பு வேலை முடியும்வரை மரியாதையாக நிற்கும். அதை முதன்முதலில் கவனித்தபோது அவர் வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அடிச்சவன் நின்னு நம்ம முறைக்குக் காத்திருக்கான் பாத்தியா” என்றார். நான் சிரித்தேன். அது சிரிக்கிற பேச்சில்லை என்று புரிகிற வயதுதான் எனக்கு, ஆனாலும் சிரித்தேன்.

நாலு பேருக்கும் நாங்களே பெயர் வைத்தோம். வாள்காரர் மண்டோர், தோட்டத்தில் வேலையாட்களை மேய்க்கும் கங்காணி. புத்தகத்தைப் பிரித்து மந்திரம் போடுகிறவர் கிராணி, ஏனென்றால் எங்கள் தோட்டத்து ஆபீஸில் எந்நேரமும் புத்தகத்தைப் பிரித்து வைத்திருப்பவர் அவர்தான். வெள்ளை அங்கி போட்டுக் காயம் ஆற்றுகிறவர் டிரசர், தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவரின் பெயர். கடைசியில் வில்லோடு நின்ற சின்னப் பெண் நான். மற்ற மூவரும் விழுந்தால்கூட அண்ணி நிதானமாக இருப்பார். வில்காரிக்கு அடி பட்டால் மட்டும் அவர் கை பச்சைக் குப்பியைத் தேடிப் போகும்.

மூன்றாவது வரியைக் கண்டுபிடித்தது அண்ணிதான். அதை அமுக்கினால் நாலு பேரும் பூதத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கைகளை மார்புக்குக் கொண்டுவந்து தலையைக் குனிவார்கள். திரை கறுக்கும். வெளிச்சம் வரும்போது பூதம் இருக்காது. பச்சைப் புல்வெளியில் நால்வரும் ஒரு கீறலும் இல்லாமல் நிற்பார்கள். தோட்டத்து வரிசை வீடுகளில், எங்கள் லயத்தில் வளர்ந்த யாருக்கும் அதற்கு ஒரே அர்த்தம்தான். “சாமி கும்பிடறாங்க” என்றார் அண்ணி. நோட்டில் ‘கும்பிடு’ ஏறியது.

அதன்பின் அந்த வரியைப் பற்றி நாங்கள் ஆராய்ச்சியே நடத்தினோம். சில சமயம் கும்பிட்டும் பலிக்காது, பூதம் முதுகிலேயே அடிக்கும். அது மனசு சுத்தமில்லாமல் கும்பிட்டதால் என்று முடிவு செய்தோம். கும்பிட்டால் சண்டை முடிந்தபின் வரும் பரிசு எதுவும் வராது. நான் அதைக் குறை சொன்னால், “கும்பிட்டதுக்குக் கூலியும் வேணுமா ஒனக்கு” என்று அண்ணி கேட்பார். கோட்டைகளில் இருக்கும் பெரிய பூதங்களிடம் மட்டும் அந்த வரி மங்கலாகிவிடும், அமுக்கவே முடியாது. அங்கெல்லாம் சாமி நம்மையே பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடும் என்றார் அண்ணி. ஆனால் தீபாவளிக்குத் தாய்வீடு போய் வந்தபிறகு அவர் ஒரு மாதிரி ஆகிவிட்டார். ஜெயிக்கக்கூடிய சண்டையில்கூட மூன்றாவது வரிக்குப் போவார். அது பலிக்கும் ஒவ்வொரு தடவையும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எனக்கு எரிச்சலாக வரும். நான் சண்டைக்காரி, கடைசிச் சொட்டு உயிர்வரை ‘அடி’ என்றே அமுக்குகிறவள்.

அண்ணன் அவரை அடிப்பான். இதை எழுத எனக்கு இத்தனை பக்கம் தேவைப்பட்டிருக்கிறது. லயத்து வீட்டில் பலகைச் சுவருக்கு இந்தப்பக்கம் படுத்திருப்பவளுக்குத் தெரியாமல் எதுவும் நடக்காது. அம்மாவுக்கும் தெரியும். நேரத்துக்குச் சோறாக்கினால் அவன் ஏன் கை நீட்டப் போகிறான் என்பது அம்மாவின் நியாயம். அப்பா இறந்தபின் என்னைத் தோளில் தூக்கிப் பள்ளிக்கு விட்ட அண்ணன் அவன். அவனைப் பற்றித் தப்பாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை, அதனால் நினைக்காமல் இருந்தேன்.

ஒரு நாள் லோரி பழுதாகி, காலை பத்து மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டான். கடைசிக் கோட்டையின் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். அடுப்பில் இன்னும் உலை வைக்கவில்லை. அவன் ஒன்றும் கேட்கவில்லை. என் கண்முன்னே அண்ணியின் கன்னத்தில் அறைந்தான், இன்னொரு தடவையும் அறைந்தான், பிறகு சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனான். காலையிலிருந்து ஆடியதை நாங்கள் பதிந்து வைத்திருக்கவில்லை; எல்லாம் போயிற்று. நான் அழுதேன். அண்ணி தன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே வந்து என் தலையைத் தடவினார், எனக்கு வலிக்கிறதோ என்பதுபோல. நான் அழுதது விளையாட்டு போனதற்காக. இன்றைக்கும் எனக்கு ஆறாத வெட்கம் அது.

மறுநாள் காலை அவர் விளையாட்டைப் போட்டுத் தந்தார். “நீ ஆடிட்டு இரு பாப்பா, பகாவுக்குப் போறேன். அத்தைகிட்ட சொல்லிடு” என்றார். பெரிய ரோட்டுக்கு எட்டரை மணி பேருந்து வரும். ஒரு பையோடு செம்பனைகளுக்கு நடுவே செம்மண் பாதையில் அவர் வேகவேகமாகப் போனதைச் சன்னல் வழியாகப் பார்த்தேன். கடைசிக் கோட்டையை என்னோடு முடிக்காமல் போகிறாரே என்ற ஆத்திரம்தான் எனக்குள் மேலோங்கி நின்றது. அன்று பள்ளிக்குப் போகவில்லை. மதியம் அம்மா வேலை முடிந்து வந்தபோது குழாயடியில் ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். உன் அண்ணி எங்கே என்று அம்மா கேட்டார். ‘பகாவ் போயிருக்காங்க’ என்று சொல்லியிருந்தால் போதும்.

“அண்ணி ஓடிப் போயிட்டாங்கம்மா” என்றேன்.

தமிழில் ஒரு பெண் ஓடிப்போனாள் என்றால் அவள் தனியாக ஓடியதாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. பொழுது சாய்வதற்குள் லயம் அவரோடு ஓர் ஆணைச் சேர்த்துவிட்டது. மறுநாள் அவன் ஆலையில் வேலை செய்பவனானான். மூன்றாம் நாள் அவனுக்கு ஒரு மோட்டார் சைக்கிளும் கிடைத்தது. பேச்சு பகாவுக்கும் போய்ச் சேர்ந்தது. அண்ணன் தன் மானம் போனதாகக் குதித்தான். அவன் கை நீட்டியதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அதற்கு அவசியமே இல்லாமல் செய்துவிட்டேன் நான். பெரியவர்கள் கூடிப் பேசி அந்தக் கல்யாணத்தை முறித்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு அவனுக்கு வேறு பெண் பார்த்தார்கள். அவர் பேருந்தில் போனார், தாய்வீட்டுக்குப் போனார், என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார் என்பது எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. முதலில் பயம். பிறகு காலம் கடந்துவிட்டது என்ற சாக்கு.

இப்போது சிரம்பானிலிருந்து கோலாலம்பூருக்குத் தினமும் ரயிலில் வேலைக்குப் போகிறேன். போன மாதம் கைப்பேசியில் அந்த விளையாட்டு கண்ணில் பட்டது. பழையதைப் புதுப்பித்து, ஆங்கிலத்தில் போட்டிருந்தார்கள். அதே நாலு பேர், முகம் மட்டும் பளபளப்பாகியிருந்தது. மண்டோரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். முதல் பூதம் வந்தது. பழக்கத்தில் விரல் மேலிருந்து மூன்றாவது வரிக்குப் போனது. ஆங்கிலத்தில் அது ‘ஓடிவிடு’ என்றிருந்தது.

நீலாய் நிலையத்தில் ரயில் கதவு திறந்து மூடியது. யாரோ என் காலை மிதித்தார்கள். நாலு பேரும் முதுகைக் காட்டித் திரும்பி, கைகளை மடக்கித் தலையைக் குனிந்தார்கள். அது ஓடத் தொடங்குகிறவர்களின் குனிவு. எப்போதுமே அதுதான். இத்தனை நாளும் நாங்கள் பிழைத்தது கும்பிட்டதால் அல்ல, ஓடியதால். ஓடியதற்காக அந்த விளையாட்டு யாரையும் எதுவும் சொல்லவில்லை, பச்சைப் புல்லில் முழு உடம்போடு கொண்டுபோய் நிறுத்தியது. நான் மட்டும்தான் சொன்னேன், குழாயடியில்.

அண்ணியின் முகவரியைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. இத்தனை வருடம் நான் தேடவில்லை, அவ்வளவுதான். ஒரு சனிக்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு பகாவுக்குப் போனேன். பள்ளி கேண்டீனில் சமைக்கிறார், அக்காவோடு இருக்கிறார். தலை பாதி நரைத்திருந்தது. கதவைத் திறந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “பாப்பா, சாப்டியா?” என்றார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த பேச்சு முழுவதும் எனக்கு மறந்துபோனது. குழாயடியில் அந்த வார்த்தையைச் சொன்னது நான்தான் என்று மட்டும் எப்படியோ சொல்லி முடித்தேன்.

“தெரியும்” என்றார். தேநீரை என் பக்கம் நகர்த்தினார். “நீ சொன்னதுல பொய்யில்ல. ஓடித்தான் வந்தேன். கூட ஒருத்தனச் சேத்தாங்க பாரு, அதத்தான் தாங்க முடியல. அப்பா ரெண்டு வருஷம் எங்கிட்ட பேசல. பேச ஆரம்பிச்ச கொஞ்ச நாள்ல போய்ட்டாரு.” இதை அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்டு வாங்குகிற பொருளாக அது எனக்குத் தோன்றவில்லை.

பேச வேறு வழி தெரியாமல் நோட்டை எடுத்து ஐந்தாம் பக்கத்தைக் காட்டினேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. சிவப்புக் குப்பி விஷம் என்பதுவரை ஞாபகம் வைத்திருந்தார். மூன்றாவது வரியை நாம் தப்பாக எழுதிவிட்டோம் அண்ணி, ரயிலில்தான் தெரிந்துகொண்டேன் என்றேன்.

“எனக்கு அப்பவே தெரியும்” என்றார். அந்தத் தீபாவளிக்கு வந்தபோது, திரையில் அந்த மூன்றாவது வரியில் பார்த்த எழுத்துகளை ஒரு காகிதத்தில் வரைந்து, வட்டு விற்ற சீனக் கடைக்காரம்மாவிடம் காட்டியிருக்கிறார். அது ஜப்பான் மொழி; அந்தம்மாவுக்கு அது தெரியாவிட்டாலும் அதில் ஒன்று அவருக்குத் தெரிந்த சீன எழுத்து. கடைக்குள்ளேயே இரண்டு கையையும் வீசி ஓடிக் காட்டினாராம்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“ஓடறதுன்னு தெரிஞ்சா நீ அமுக்க விட்டிருக்கமாட்டே. எனக்கு அமுக்கிப் பாக்கணும்போல இருந்துச்சு பாப்பா. தெனம் அமுக்கிப் பாத்தேன்.”

நான் பேனாவைத் திறந்தேன். ‘கும்பிடு’ என்பதை அடித்துவிட்டுச் சரியானதை எழுதிவிடலாம் என்று நினைத்தேன். அது ஒன்றையாவது திருத்த வேண்டும்போல இருந்தது. அண்ணி அந்த வரியின்மேல் கையை வைத்தார்.

“அத ஏன் அடிக்கற? அன்னைக்கும் சாமி படத்துக்கிட்ட கும்பிட்டுட்டுத்தான் வெளிய வந்தேன். நீ திரையப் பாத்துட்டு இருந்தே.”

பேனாவை மூடினேன்.