தாவத் தெரிந்தவள்

ஆபீஸில் அவருக்கு 'நிதானம்' என்று பட்டப்பெயர். ரேடியோவுக்கு அலைவரிசையை உண்டாக்கித் தரும் சிந்தசைசர் போர்டுகளைச் செய்வது வேலை. அவர் போர்டிலிருந்து வரும் அலை அப்பழுக்கில்லாமல் இருக்கும். ஒரே குறை, ஒரு அலைவரிசையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவச் சொன்னால் ஆடி அசைந்துதான் நிலைக்கு வரும். வேகத்தைக் கூட்டினால் இரைச்சல் ஏறிவிடும். இந்த இரண்டோடும் வருஷக்கணக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் பக்கத்து லேபில் இருந்த அவர் மனைவி வேறு வழியில் ஒரு போர்டு செய்தாள். எண்களைக் கொடுத்தால் சிப்பே அலையை வரைந்துவிடும். தாவு என்றால் அந்தக் கணமே தாவும். அலையைக் கோடாக வரைந்து காட்டும் ஸ்கோப் திரையில் அதைப் பார்த்ததும் அவருக்கு வயிறு பற்றி எரிந்தது. "சூப்பர்ம்மா" என்றார். குரல் அவருக்கே பொய்யாகக் கேட்டது.

அன்று சாப்பிடும்போது மகள், "அப்பா, அம்மாவோடதுதான் ஃபாஸ்ட்டாமே?" என்றாள்.

"வாயைத் திறக்காம சாப்பிடு!"

"அது எப்படிப்பா முடியும்?"

மனைவி சிரித்துவிட்டாள். அதுவும் அவருக்குக் குத்தியது.

பிறகொரு நாள் அவள் போர்டில் ஓட்டை ஒன்று கண்டுபிடித்தார். மேல் பேண்டுக்கு, அதாவது உயர்ந்த அலைவரிசைகளுக்குப் போனால், கூடவே வேண்டாத கள்ள அலை ஒன்றும் ஒட்டிக்கொண்டு வந்தது. மறுநாள் காலையில் இருவரும் ஒரே ஸ்கூட்டரில்தான் வந்தார்கள், அவர் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. பெரிய அதிகாரிகள் கூடிய கூட்டத்தில் அவள் போர்டை ஓட்டிக் காட்டும்போது எழுந்தார்.

"வேகமெல்லாம் சரி சார். மேல் பேண்டுக்குப் போகச் சொல்லுங்க, துணைக்கு யார் வராங்கன்னு பாருங்க."

வந்தது. அவள் முகம் சுண்டிப்போனது. அவருக்கு உள்ளே குளுகுளுவென்றிருந்தது.

வீடு திரும்பும்போது அவள் அவர் தோளைப் பிடிக்கவில்லை. பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"காலையிலயே சொல்லியிருக்கலாமேங்க?"

"ஆபீஸ் விஷயம் ஆபீஸ்லதானே பேசணும்."

"சரி, அப்ப ஆபீஸ்லயே பேசறேன்."

மறுநாள் எல்லார் முன்னாலும் அவர் மேஜைக்கு வந்தாள்.

"என் சிப்புக்குத் தாளம் போட இன்னும் உயர்ந்த அலைவரிசையில, சுத்தமா ஒரு கடிகார அலை குடுத்தா அந்தக் கள்ள அலை பேண்டை விட்டே போயிடும். உங்க போர்டைவிட சுத்தம் இங்க வேற எதுல இருக்கு? ஒரே இடத்துல நின்னா போதும், தாவவே வேண்டாம்."

பாராட்டா, பழிக்குப் பழியா என்று அவருக்கு விளங்கவில்லை. மறுக்கவும் வழியில்லை. இரண்டு போர்டுகளையும் சேர்த்துப் பூட்டினார்கள். கள்ள அலை போயே போய்விட்டது. கம்பெனி அவளைக் குழுத்தலைவி ஆக்கியது. அவரை அந்தக் குழுவிலேயே போட்டது.

கடைசிச் சோதனையன்று ஸ்கோப் திரையில் கோடு பளிச் பளிச்சென்று இடம் மாறியது. அவள் திரும்பி, "எப்படிங்க இருக்கு?" என்று கேட்டாள்.

நன்றாக இருக்கிறது என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"வேகமா இருக்கு" என்றார்.