முதுகில் மண் ஒட்டியவன் திருத்தணி போய்வந்தது

முதலில் மன்னிப்பு. வரிகள் மேடும் பள்ளமுமாக இருக்கும். எழுத்தறிவு வகுப்பில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது போய்விடுகிறது. நோட்டில் எழுதுவதைப் பேத்தி படம் பிடித்து அப்படியே வலைப்பூவில் போடுகிறாள். தட்டச்சு செய்து தருகிறேன் என்றாள். நான் விடவில்லை. எழுதியது நான்தான் என்று தெரிய வேண்டாமா?

போன சனிக்கிழமை திருத்தணி போனதற்குக் காரணம் பொறாமை. என் பழைய குஸ்தி எதிராளி தேவசகாயம் போன் செய்து, தன் மருமகள் ஸ்டெல்லா அங்கே ஜியு-ஜிட்சு பள்ளி திறந்திருப்பதாகச் சொன்னான். அதுவும் கட்டிப் புரளும் சண்டைதானாம். என் மருமகள் எனக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பாள். அவ்வளவுதான்.

பள்ளிப்பட்டில் காலை 7.10 பேருந்து. பலகையை நானே படித்து ஏறினேன். முப்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும், ஒன்றேகால் மணி நேரம், முப்பது ரூபாய். வழியில் உரக்கடை, சலூன் என்று ஒரு பலகையையும் விடவில்லை. இறங்கியதும் ஆட்டோ, ஐம்பது ரூபாய்.

"மலைக்கா தாத்தா?" என்றார் ஓட்டுநர்.

"இல்ல, குஸ்திக்கு."

"யாரு, நீயா? பாத்துக்கினு போ தாத்தா!"

தேவசகாயம் வாசலில் நின்றான். எழுபத்திரண்டு வயதிலும் தலை நிறைய முடி. எனக்கு வயிறு எரிந்தது.

"வா நைனா. முதுகுல மண்ணு போச்சா, இன்னும் கீதா?"

நாற்பத்தாறு வருடமாக இதே கேள்வி. அன்று பள்ளிப்பட்டு குஸ்திக் களத்தில் அவன் என்னைச் சாய்த்தான். விழும்போதே அவன் கழுத்தை அக்குளில் இறுக்கிவிட்டேன். ஆனால் முதுகில் மண் ஒட்டினால் தோல்வி. நடுவர் அவன் கையைத் தூக்கினார்.

உள்ளே சுவரில் இந்தக் கலையின் வரலாறு. தேவசகாயம் படித்துக்காட்ட வந்தான். தடுத்துவிட்டு நானே எழுத்துக்கூட்டினேன். ஜப்பானில் பிறந்தது. ஒரு வீரர் கப்பலேறிப் பிரேசில் போய்ச் சொல்லிக்கொடுத்தார். அங்கே தரைப் பிடிகளை வளர்த்தார்கள். பிறகு அமெரிக்கா, உலகம், பெங்களூரு. அங்கே கற்றவள் ஸ்டெல்லா.

மெத்தையில் ஒரு பெண் மல்லாந்து விழுந்தாள். "தோத்துட்டா," என்றேன்.

"இல்லீங்க ஐயா," என்றாள் ஸ்டெல்லா. "இதுல முதுகு கீழ பட்டா தோல்வி இல்ல. கீழ இருக்கறவ மேல இருக்கறவ கழுத்தப் புடிச்சுக்கினா பாருங்க. தாங்காம ரெண்டு தட்டு தட்டுறா இல்ல, அவதான் தோத்தா."

என் பிடியேதான் அது! படுத்திருப்பவன் ஜெயிக்கும் ஆட்டம் உலகம் சுற்றியிருக்கிறது. பள்ளிப்பட்டுக்கு மட்டும் வரவில்லை. ஜப்பான்காரன், பிரேசில்காரன் எல்லார்மேலும் பொறாமை வந்தது.

"தேவா, அன்னிக்கு உனக்கு எப்படி இருந்துச்சு? நெசத்தச் சொல்லு."

அவன் தரையைப் பார்த்தான். "கண்ணு இருட்டிக்கினு வந்துச்சு நைனா. இன்னும் ஒரு மூச்சு போயிருந்தா நானே உட்டிருப்பேன். அதுக்குள்ள கையத் தூக்கிட்டாரு. நானும் கம்முனு இருந்துட்டேன்."

பிறகு என் முழங்கையில் இரண்டு முறை தட்டினான்.

பிள்ளைகள் கைதட்டினார்கள். அதுவும் அவனுக்குத்தான், உண்மையைச் சொன்னதற்காக!

போகிறவர்களுக்கு: கிருத்திகையன்று போகாதீர்கள், ஆட்டோ கிடைக்காது. வகுப்பு ஒன்பது முதல் பதினொன்று வரை; பார்க்கக் கட்டணமில்லை. செருப்பை வெளியே விடுங்கள்.

அடுத்த வாரம் தேவசகாயம் இங்கே வருகிறான். டீக்கடையில் எல்லார் முன்னாலும் அதைச் சொல்ல வேண்டும் என்றேன், சரி என்றிருக்கிறான். சொன்ன அன்றே எழுதுவேன். கோணலாக இருந்தாலும் அந்த வரி மட்டும் பெரிய எழுத்தில் இருக்கும்.