பாலாவித் தண்ணீரும் டில்லிச் செய்தியும்

உலகத்தில் மதம் மறுபடி பலம் பெறுகிறது, இல்லை, செத்துக்கொண்டிருக்கிறது என்று தொலைக்காட்சியில் கோட் போட்டவர்கள் அடித்துக்கொள்ளும்போது எனக்குச் சிரிப்பு வரும். பிறகு அம்மாவின் நினைவு வந்து சிரிப்பு போய்விடும். இவர்களுக்கெல்லாம் முன்பே, இலுப்பைக்கடவையில் தறப்பாள் கூரை போட்ட ஒரு கொட்டிலில் இருந்துகொண்டு அம்மா இதே கேள்வியைக் கேட்டவர். அவருக்கு அதில் ஒரு காரியம் இருந்தது.

தம்பி சிறுவனாக இருந்தபோது மலேரியாவில் பிழைப்பானோ மாட்டானோ என்றாகிவிட்டது. பிழைத்தால், அவன் தன் கையாலேயே பாலாவித் தீர்த்தத்தில் தண்ணீர் மொண்டு, சிவராத்திரியன்று திருக்கேதீஸ்வரத்து மகாலிங்கத்துக்கு ஊற்றுவான் என்று அம்மா நேர்த்தி வைத்தார். பிழைத்தான். குடம் தூக்கும் வயது வரட்டும் என்று இருந்தோம். வயது வருவதற்குள் சண்டை வந்துவிட்டது. கோயிலடி முழுவதும் இராணுவத்தின் கைக்குப் போக, வயலையும் வீட்டையும் விட்டு வடக்கே ஓடினோம்.

எங்கள் பக்கத்துக்கு ரேடியோ பற்றரி கொண்டுவர அரசாங்கம் தடை போட்டிருந்த காலம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தித் தம்பி கையால் மிதியைச் சுற்றுவான். டைனமோவில் ரேடியோ பேசும். அவன் கை ஓய்ந்தால் உலகச் செய்தியும் ஓய்ந்துவிடும். அரிப்பு என்ற கடற்கரை ஊரிலிருந்து இடம்பெயர்ந்து பக்கத்துக் கொட்டிலில் இருந்த கத்தோலிக்க அக்கா ஒருவர் பின்னேரங்களில் தவறாமல் வருவார்.

"பாப்பரசர் ஒருக்கா வாய் திறந்தாக் காணும். உலகமே கேக்கும்" என்பார்.

"உங்களுக்கெண்டு கதைக்க ஒராள் இருக்கு. எங்களுக்கு ஆர் இருக்கினம்?" என்று அம்மா பெருமூச்சு விடுவார்.

ஒருநாள் அம்மாவுக்கும் ஆள் கிடைத்தது. கோயில், கோயில் என்று பேசுகிறவர்கள் டில்லியில் ஆட்சிக்கு வந்துவிட்டதாக ரேடியோ சொன்னது. அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"இனிச் சிவன் கோயிலைப் பூட்டி வைக்க அவை விடுவினமே?"

அப்பா சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். "அவைக்கு அவையின்ர கோயில். எங்கட கோயிலால அவைக்கு ஒரு வோட்டும் விழாது."

அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தம்பியின் வயதுப் பெடியன்கள் ஒவ்வொருவராக இயக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். "அடுத்த சிவராத்திரிக்குத் திறந்திடுவாங்கள், தம்பி. அதுமட்டும் ஒரு இடமும் போயிடாதை" என்று தினமும் சொல்லுவார். "ஓம் அம்மா, போகேல்லை" என்று அவனும் மிதியைச் சுற்றுவான். டில்லியை நம்பித்தான் அம்மா அவனைப் பிடித்து வைத்திருந்தார்.

சிவராத்திரி வந்தது. டில்லியும் பேசவில்லை, ரோமாபுரியும் பேசவில்லை. பேசியிருந்தால் எங்கள் ரேடியோவுக்கு எட்டவில்லை. அந்தக் கிழமையே ஒரு காலையில் தம்பியைக் காணவில்லை. சைக்கிளை நிமிர்த்தி, துடைத்து, கொட்டிலோடு சாய்த்து வைத்துவிட்டுப் போயிருந்தான். அதன் பிறகு நான்தான் மிதியைச் சுற்றினேன். அவனைப் போல எனக்குச் சீராகச் சுற்ற வரவில்லை.

கடைசியில் பனி நாடொன்றிலிருந்து வந்தவர்கள் இராணுவத்தையும் இயக்கத்தையும் இருத்திப் பேச, கோயிலுக்குப் பாதை திறந்தது. அதுபோன்ற ஒரு நாட்டில்தான் இப்போது இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைத் தேவாலயத்தில் நாலைந்து கிழவிகளைத் தவிர ஆளில்லை. சாமியை மறந்துபோன சனங்கள்தான் எங்கள் சாமிக்கு வழி விட்டார்கள் என்று அரிப்பு அக்காவிடம் சொன்னால் அடிக்க வருவார்.

பாதை திறந்த பிறகு வந்த சிவராத்திரிக்குக் கோயிலுக்குப் போனோம். சமாதானத்தில் இயக்கத்திலிருந்து எத்தனையோ பெடியன்கள் வீட்டுக்கு வந்து முகம் காட்டிப் போனார்கள். எங்கள் தம்பியைப் பற்றி மட்டும் கேட்ட இடமெல்லாம் "தெரியாது அம்மா" என்றார்கள். அவன் குரலை ஒருதரம் கேட்டால் போதும் என்று நான் அந்த நாட்களில் ஏங்கிய ஏக்கம் இன்னும் ஆறவில்லை.

அம்மா பாலாவியில் குடத்தை நிரப்பிக்கொண்டு வரிசையில் வந்தார். மகாலிங்கத்துக்கு முன்னால் வந்ததும் அசையாமல் நின்றார்.

"ஊத்துங்கோ அம்மா, பின்னால சனம் நிக்குது" என்றார் ஒரு தொண்டர்.

நான் குடத்துக்குக் கை நீட்டினேன். "தாங்கோ அம்மா, நான் ஊத்துறன். நானும் உங்கட பிள்ளைதானே."

அம்மா குடத்தை இடுப்போடு இறுக்கிக்கொண்டார்.

"நீ ஊத்தினா நேர்த்தி முடிஞ்சிடும், பிள்ளை. பிறகு அவன் என்னத்துக்கு வாறது?"

வரிசையை விட்டு விலகி, வந்த சனத்தை எதிர்த்து நடந்துபோய், தண்ணீரைப் பாலாவியிலேயே திருப்பி ஊற்றினார்.