பார்மட் கேட்ட கேமரா

வெயிலில் காயவைத்த பேட்டரியைக் கையில் எடுத்தால் உள்ளங்கை சுடும். அந்தச் சூட்டோடு கேமராவுக்குள் போட்டு மூடினால், 'கிர்ர்' என்று லென்ஸ் பாதி நீண்டு, யோசித்து, மறுபடி உள்ளே போய்விடும். 2005இல், அக்கா கல்யாணத்துக்கு மறுநாள், குரும்பலூரில் எங்கள் வீட்டு வாசலில் காலையிலிருந்து இதே வேலைதான். சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்து லீவில் வந்திருந்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, "ஸ்டுடியோக்காரன்லாம் எதுக்கு, நான் இருக்கேன்ல" என்று சொல்லிவிட்டதால், கீழப்பழுவூர் கோயிலில் நடந்த கல்யாணப் படம் மொத்தமும் அந்தக் கேமராவுக்குள் மட்டுமே இருந்தது.

தட்டினார்கள், ஊதினார்கள், கார்டை உருவி வேட்டி முனையில் துடைத்துச் சொருகினார்கள். கல்யாண அலைச்சலே தீராத உடம்பு, எல்லாருக்கும் அலுத்துப்போனது. கடைசியில் புது பேட்டரி போட்டதும் திரை ஒளிர்ந்து, ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது. எட்டாவது படித்துக்கொண்டிருந்த நான்தான் வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவள். 'கார்டு எரர். பார்மட்?' என்று இருந்தது.

பார்மட் எனக்குத் தெரிந்த சொல்தான். சாதிச் சான்றிதழுக்கு அலைந்தபோது, "பார்மட்படி எழுதிட்டு வாங்க" என்று ஆபீஸில் அப்பாவை மூன்று தடவை திருப்பி அனுப்பியிருந்தார்கள். "எல்லாத்தையும் ஒழுங்குபடுத்தி வைக்கட்டுமான்னு கேக்குதுப்பா" என்றேன்.

மாமா தயங்கினார். அப்பாவுக்குத் தயக்கமே இல்லை. "படிச்ச புள்ள சொல்லுது, அமுக்குங்க மாப்ள" என்றார்.

அமுக்கினார். அதன்பின் கேமரா ஒரு குறையுமில்லாமல் வேலை செய்தது, பழைய படம்தான் ஒன்றுகூட இல்லை. பெரம்பலூர் ஸ்டுடியோவில் கொண்டுபோய்க் காட்டினால், "பார்மட்னா மொத்தமா அழிக்கிறதுங்க" என்றார் அங்கிருந்தவர். திரும்பும்போது பஸ்ஸில் நான் அழுதேன். "வுடு, கல்யாணம் நடந்துச்சுல்ல" என்றார் அப்பா. அவ்வளவுதான், பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. நாலு திட்டு திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அடுத்த வருஷமே அப்பா போய்விட்டார். அந்தக் கேமராவும் இல்லை, பேட்டரியைக் காயவைப்பவர்களும் இல்லை. அவர் பட்டு வேட்டி கட்டி, பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றது அந்த ஒரு கல்யாணத்தில்தான். இப்போது வீட்டில் மாட்டியிருப்பது வாக்காளர் அட்டையிலிருந்து பெரிதாக்கிய படம், முறைத்துக்கொண்டிருக்கிறார்.

"தாத்தா ரொம்பக் கோவக்காரராம்மா?" என்று என் மகள் கேட்கிறாள். இல்லவே இல்லை என்கிறேன். அவள் படத்தைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள், நம்பவில்லை.