ஓஸ்லாவின் பழுப்பு ஆடுகள்

ஆறாவது குட்டியும் வெள்ளையாகத்தான் விழுந்தது. ஓஸ்லா அதன் வாயைத் துடைத்துவிட்டு, தாய் ஆட்டின் பக்கம் தள்ளினாள். தாய் நல்ல செம்பழுப்பு. குட்டியோ பக்கத்து நிலத்துக்காரர் கிப்பியின் கிடாவை உரித்து வைத்திருந்தது.

ஷெட்லாந்துத் தீவுக்கூட்டத்தின் யெல் தீவில் ஓஸ்லா சால்மன் மீன் பண்ணையில் வேலை பார்த்தாள். மிச்ச நேரமெல்லாம் ஆடுகளுக்குத்தான். சாயம் போடாமலே பழுப்பாக இருக்கும் கம்பளிக்காக, பழுப்பு ஆடுகளாகவே ஒரு சிறு மந்தை கட்ட ஆசைப்பட்டு, பெட்டைகளை வாங்கிவிட்டிருந்தாள். அவற்றைச் சேர்க்கப் பழுப்புக் கிடா தேடிக்கொண்டிருந்த வேளையில் கிப்பியின் வெள்ளைக் கிடா கல்சுவரைத் தாண்டி வந்துவிட்டது.

"கிப்பிண்ணே, உங்க கிடாவைக் கட்டிப் போடச் சொன்னேனா இல்லையா?"

"கட்டித்தாம்மா போட்டேன். கயித்தைத் தின்னுட்டு வந்திருக்கு. வெள்ளைக் குட்டின்னா சந்தையில நல்ல விலை. சந்தோஷப்படாம சண்டைக்கு வர்றே."

"எனக்கு விலை வேணாம். பழுப்பு வேணும்."

"நனைஞ்ச ஆடு எல்லாம் ஒரே நிறம்தான். இங்க என்னிக்கு வெயில் அடிச்சிருக்கு?"

அடுத்த இலையுதிர் காலத்துக்குள் சுவரின் மேல் கம்பிவலை கட்டினாள். விரலெல்லாம் வெடித்தது. ஃபெட்லர் தீவிலிருந்து ஒரு பழுப்புக் கிடாவை வாங்கி, காரின் பின்சீட்டில் ஏற்றிப் படகில் கொண்டு வந்தாள். வளைந்த கொம்பும் நிமிர்ந்த தலையுமாக, பார்க்க ஜமீன்தார் மாதிரி இருந்தது. பெட்டைகளோடு விட்டாள். தை பிறந்த பிறகு ஸ்கேன் கருவியோடு வந்த கால்நடை மருத்துவர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ஒன்றுகூடச் சினை நிற்கவில்லை.

"ஆடுங்க மேல தப்பில்ல. கிடாதான் வேலைக்கு ஆகாது."

சேதி கிப்பிக்கு எட்டாமல் இருக்குமா? சுவரோரம் வந்து நின்றார்.

"மூணு மாசம் பூரா புல்லைத் தின்னுட்டு ஊரைச் சுத்திப் பார்த்துட்டுப் போறான் போல. என் கிடா வலைக்கு இந்தப் பக்கம் நின்னு கண்ணீர் விட்டுச்சும்மா."

ஓஸ்லாவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "சிரிங்க, நல்லா சிரிங்க! முதல் வருஷம் உங்க கிடா கெடுத்துச்சு. இந்த வருஷம் இது. உங்களுக்கென்ன, வேடிக்கை. ஒவ்வொரு வருஷமும் எனக்குத்தானே வயசாகுது!"

கிப்பி தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். ஓஸ்லா அந்தக் கிடாவை வெட்டி உப்புக்கண்டம் போட்டாள். சூப் வைத்தால் கறி ரப்பர் போல இழுத்தது. அதையும் கோபத்தோடே மென்று தின்றாள்.

மூன்றாம் வருஷம் வேறு கிடா. பழுப்புக் குட்டிகளே பிறந்தன. துள்ளிக் குதிக்காத குறை. மறுவாரமே ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டது. ஓஸ்லா பண்ணைப் படகில் சிக்கிக்கொண்டாள். கரை சேர்ந்து ஓடிவந்து பார்த்தபோது, நனைந்து விறைத்த குட்டிகளின் கண்ணை அண்டங்காக்கைகள் கொத்திவிட்டிருந்தன. உயிரோடு இருந்தவை இரண்டு மட்டும். கிப்பி அவற்றைத் தன் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு சுவரடியில் உட்கார்ந்திருந்தார். மழையில் தாடி சொட்டியது.

"மத்ததுக்கு லேட்டாயிருச்சும்மா. கல்லை எறிஞ்சு எறிஞ்சு என் தோளே கழண்டு போச்சு."

ஓஸ்லா கோட்டை விலக்கிப் பார்த்தாள். இரண்டும் கிடாக்குட்டி.

"பெட்டையா ஒண்ணாவது மிஞ்சக்கூடாதா?" என்று கத்தினாள். பிறகு அவரருகே ஈரத்தில் உட்கார்ந்து அழுதாள்.  கிப்பி குட்டிகளில் ஒன்றை அவள் மடியில் வைத்தார்.

ஆடுகள் இணைசேரும் அந்த நவம்பரில் கிப்பி தன் வெள்ளைக் கிடாவைத் தானாகவே கொட்டிலில் பூட்டிவைத்தார். வசந்தத்தில் குட்டி ஈனும் வாரங்களில், ஓஸ்லா வேலைக்குப் போகும் பொழுதெல்லாம் தடியோடு வந்து காவல் நின்றார். அந்த வருஷம் மூன்று பழுப்புப் பெட்டைக்குட்டிகள் பிழைத்தன. அதற்குள் கிழட்டுப் பெட்டைகளில் ஒன்று சேற்றுக்குழியில் விழுந்து செத்திருந்தது.

"மந்தை பெருகுதும்மா" என்றார் கிப்பி.

"எங்க பெருகுது? பெட்டையில ரெண்டுதான் கூடியிருக்கு" என்று சலித்துக்கொண்டே, ஓஸ்லா தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.